கம்பெல் பண்ணாதீங்க மாமா

ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்,
இங்கிலாந்து.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். மழையும் சௌக்கியம், நான் வந்த நாளாய் ஓயவில்லை. அக்காவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

லெஸ்டர் கடைக்காரருக்கு ஊறுகாய் ஜாடி விற்க நீங்கள் தயார் செய்திருக்கும் ஆங்கிலக் கடிதத்தைப் படித்தேன். கைப்பேசியே எழுதிக் கொடுத்தது என்றீர்கள். அதன் உபயத்தில் ஒரே பக்கத்துக்குள் ‘கம்பெல்லிங்’ நாலு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. “நான் ஏண்டா அந்த ஆளைக் கட்டாயப்படுத்தணும்? புடிச்சா வாங்கட்டும், புடிக்கலைன்னா போகட்டும். கன்வின்சிங்னு மாத்திடவா, வேற ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது மாமா, கொட்டிக் கிடக்கிறது. நம்மூர்ப் பழமலைநாதர் கோயிலில் சாமிக்குப் பேர் அஞ்சு, கோபுரம் அஞ்சு, தீர்த்தம் அஞ்சு, தேர் அஞ்சு. அவர் கணக்கையே வைத்துக்கொண்டு நானும் அஞ்சு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் கன்வின்சிங்கும் பெர்சுவேசிவும். இரண்டும் ஒன்றுதானே என்று நம்மூரில் தள்ளிவிடுவோம். பழைய இலக்கண வாத்தியார்கள் நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். ஒருவரை ஒரு விஷயத்தை நம்ப வைத்தால் கன்வின்ஸ். ஒரு காரியத்தைச் செய்ய வைத்தால் பெர்சுவேட். சிகரெட் உடம்புக்கு ஆகாது என்று அக்கா உங்களைக் கன்வின்ஸ் செய்து எத்தனையோ வருஷமாகிறது. பெர்சுவேட் செய்யத்தான் இன்னும் முடியவில்லை. இப்போது வெள்ளைக்காரரே இரண்டையும் கலந்து பேசுகிறார்கள் என்றாலும் அக்கா அந்தக் கோட்டை அழிக்க மாட்டாள்.

லத்தீன் வேரைப் பார்த்தால், முன்னது ஜெயிப்பதிலிருந்து வந்தது. பின்னதற்கு இனிப்போடு உறவு. இனிக்கச் சொல்லிக் காரியம் சாதிப்பதற்கு இந்த ஊரிலேயே ஒருவர் இருந்தார். இதுவும் நம்மூரைப் போலப் பீங்கான் ஊர். ஆறு ஊர்கள் சேர்ந்து 1910-இல் ஒன்றாயின. ஆனால் இங்கே பிறந்த எழுத்தாளர் அர்னால்டு பென்னட், 1902-இல் வந்த நாவலின் தலைப்பிலேயே ‘ஐந்து ஊர்’ என்று போட்டுவிட்டார். விட்டுப்போனது ஃபென்டன். ஆறைவிட ஐந்துக்கு ஓசை நன்றாக இருக்கிறது என்பது அவர் கட்சி என்பார்கள். உலகம் முழுக்க ஐந்து என்றே நம்பிப் படித்தது. பெர்சுவேசிவ் என்றால் அதுதான். ஃபென்டன்காரர் ஒருவரைக் கன்வின்ஸ் செய்ய முடியுமா என்பது வேறு கதை.

மூன்றாவது பிளாசிபிள். இதுதான் ஆபத்தான ஆசாமி. வேரில் கைதட்டல் இருக்கிறது. பட்டிமன்றத்தில் இரண்டு அணிக்கும் கைதட்டிவிட்டு, வந்த அபிப்பிராயத்தோடேயே வீட்டுக்குப் போகிறோமே, அந்தக் கைதட்டல். ‘நம்பலாம் போலத்தான் இருக்கிறது’ என்பதற்கு மேல் இதில் ஒன்றும் கிடையாது.

எங்கள் பீங்கான் ஆலையில் ஒரு தடவை, கப்புகளின் கிளேஸ் (மேற்பூச்சு) முழுக்க மயிரிழை மயிரிழையாக வெடித்துக் கிரேசிங் விழுந்துவிட்டது. கிளேஸ் விற்றவர் நீளமாக ஒரு கடிதம் எழுதினார்: சரக்கு நல்ல சரக்கு, நீங்கள் சூளையைச் சீக்கிரம் ஆற வைத்ததால் வந்த வினை என்று. எங்கள் மேற்பார்வையாளர் அதன் ஓரத்தில் பென்சிலால் ‘பிளாசிபிள்’ என்று எழுதினார். புதிதாய்ச் சேர்ந்த பையன், ஒத்துக்கொண்டாகிவிட்டது என்று கோப்பை மூடப் போனான். பக்கத்து மேஜை அம்மாள், “இல்லை டக், சோதிச்சுப் பாருன்னு அர்த்தம்” என்றாள். (டக் என்றால் வாத்து. இங்கே எல்லாரும் எல்லாரையும் வாத்து என்றுதான் பிரியமாகக் கூப்பிடுகிறார்கள். பஸ் டிரைவர் முதல் தடவை என்னை அப்படிக் கூப்பிட்டபோது பின்னால் திரும்பிப் பார்த்தேன்.)

சோதித்தோம். அதே களிமண், அதே கிளேஸ். சூளையை மட்டும் மெள்ள மெள்ள ஆறவிட்டோம். மறுபடியும் கிரேசிங். நம் தொழிற்பேட்டையில் சின்னப் பையனுக்கும் தெரிந்த கணக்குதான்: ஆறும்போது அடிமண்ணைவிடக் கிளேஸ் அதிகமாகச் சுருங்கினால் இழுபட்டு வெடிக்கும். கிளேஸ் மாற்றியதும் வெடிப்பு நின்றது. நாங்கள் இதையெல்லாம் வரிசையாக எழுதி அனுப்பிய பதிலைப் படித்துவிட்டு மேற்பார்வையாளர் சொன்ன சொல்தான் நாலாவது: கோஜென்ட். ஒரு காரணத்திலிருந்து அடுத்ததுக்குப் போகிற மூட்டு எதிலும் இடைவெளி இல்லை என்று அர்த்தம். இதில் இனிப்பும் கிடையாது, கைதட்டலும் கிடையாது. நீதிபதிகளுக்கும் பேராசிரியர்களுக்கும் உகந்த சொல்.

இந்தச் சரக்கில் நம்மாட்கள் சளைத்தவர்களில்லை மாமா. மணிமேகலையில் அறவண அடிகள் காஞ்சியில் உட்கார்ந்து இதைத்தான் பாடம் நடத்துகிறார். பக்கம், ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம், நிகமனம் என்று வாதத்துக்கு உறுப்பு அஞ்சு (இங்கேயும் அஞ்சு!). அதிலும் கடைசி இரண்டு திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும், மூன்று போதும் என்று சிக்கனம் பிடிக்கிறார். பிறகு போலிகளை எண்ண ஆரம்பிக்கிறார்: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. ஆக, ஒரு வாதம் உடைய 33 இடம். நம்மவர் எங்கே ஓட்டை என்று எண்ணினார்கள். இந்த ஐந்து ஆங்கிலச் சொல்லில் கோஜென்ட் ஒன்றுக்குத்தான் அந்தக் குணம். மற்ற நாலும் கேட்டவன் என்ன ஆனான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக உங்கள் கம்பெல்லிங். கோஜென்டுக்கும் இதற்கும் லத்தீனில் ஏறக்குறைய ஒரே தொழில்: ஓட்டிக்கொண்டுபோய் ஒன்றாகச் சேர்ப்பது, மாடு ஓட்டுகிற மாதிரி. நீங்கள் கட்டாயம் என்று முகர்ந்தது சரியான மோப்பம். ஆனால் இந்த ஊர்க்காரர் வாயில் அந்தக் கட்டாயம் ஆள் செய்வதில்லை, விஷயம் செய்வது. தப்பித்துக்கொள்ள வழியில்லாமல் அது நம்மைப் பிடித்து நிறுத்தும்.

அதற்கும் சாட்சி பீங்கானில்தான் இருக்கிறது. ஜோசையா வெட்ஜ்வுட் இந்த ஊர்க்காரர். அரசி சார்லட்டுக்கு டீ செட் செய்து கொடுத்து, அந்தச் சரக்குக்கே ‘அரசியின் பாத்திரம்’ என்று பேர் வைத்து விற்ற சூரர். பெர்சுவேசிவ் வித்தையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவரே 1787-இல், பத்து ரூபாய்க் காசைவிடச் சற்றே பெரிய ஒரு பீங்கான் வில்லை செய்தார். சங்கிலியில் கட்டிய கறுப்பு அடிமை மண்டியிட்டு, நானும் மனிதன்தானே, உங்கள் சகோதரன்தானே என்று கேட்கிறான். அவ்வளவுதான். ஏதுவும் இல்லை, திட்டாந்தமும் இல்லை. அதை விற்காமல் சும்மா கொடுத்தார். பெண்கள் வளையலிலும் கொண்டை ஊசியிலும் பதித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்கிளினுக்கு ஒரு கட்டு போனது. நன்றாக எழுதிய எந்தப் பிரசுரத்துக்கும் இது குறைந்ததில்லை என்று அவர் பதில் போட்டார். 1807-இல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைச் சட்டம் போட்டு நிறுத்தியது. வில்லை மட்டுமே செய்த வேலையல்ல, இருபது வருஷப் போராட்டம். ஆனால் அந்தக் கேள்வியை ஒருமுறை பார்த்தவருக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வது கஷ்டமாகிவிட்டது. கம்பெல்லிங் என்று அதைச் சொல்லலாம்.

இப்போது உங்கள் ஜாடிக்கு வருவோம். அஞ்சில் எதைப் போடுவது? எதையும் போடாதீர்கள். கவனித்தீர்களா, மேற்பார்வையாளர் சொன்னார், ஃபிராங்கிளின் சொன்னார். வெட்ஜ்வுட் தன் வில்லையைப் பற்றி அப்படி எழுதி ஒட்டவில்லை. இந்த அஞ்சும் வாங்குபவர் சொல்ல வேண்டிய சொற்கள். என் கோரிக்கை கம்பெல்லிங் என்று நாமே எழுதுவது, மாப்பிள்ளை தன் ஜாதகத்துக்குத் தானே பொருத்தம் பார்த்துக்கொள்கிற மாதிரி.

ஆகையால் நாலு கம்பெல்லிங்கையும் அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் சூடு எத்தனை டிகிரி, ஜாடி எவ்வளவு தண்ணீர் உறிஞ்சுகிறது, ஒரு பெட்டிக்கு எத்தனை, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்று எழுதுங்கள். கூடவே ஒரு ஜாடியும் அனுப்புங்கள். லெஸ்டர்காரர் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். கணீர் என்று கேட்டால் மிச்சத்தை அவரே எழுதுவார். பதிலில் ‘பிளாசிபிள்’ என்று வந்தால் மட்டும் எனக்குப் போன் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்.

பி.கு.: அக்கா கேட்ட போன் சைனா டீ செட் வாங்கிவிட்டேன். அதில் பாதிக்குப் பாதி மாட்டெலும்புச் சாம்பல் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கோஜென்டாகச் சொன்னால் கப்பு உடையும். நீங்களே பெர்சுவேசிவாக ஏதாவது பார்த்துச் சொல்லுங்கள்.