18 ஏக்கர் ஊர்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், ஐயோவா மாநிலத்து விவசாயக் கிராமம் ஒன்றில் குடியிருக்கிறாள். ஒரு தேவாலயம், ஒரு தானியக் கிடங்கு, ஒரு கல்லறைத் தோட்டம், ஊர் அவ்வளவுதான். நீங்களோ பினாங்கு ஜார்ஜ் டவுனில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையைக் கிராமம் என்கிறீர்கள். கடைத்தெரு எப்படிக் கிராமமாகும்?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்துத் திட்டத்தில், ஒரே மாதிரி கோடு போட்டுப் பிறந்த ஊர்கள். 1785இல் அமெரிக்க நிலச் சட்டம் மேற்கத்திய நிலத்தை 6 மைலுக்கு 6 மைல் சதுரமாக அளந்து, ஒவ்வொரு சதுரத்தையும் 36 துண்டாக்கி, 16ஆம் துண்டைப் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கியது. பின்னால் ஐயோவா வரைக்கும் அதே அளவைதான் போயிற்று. சட்டம் வந்த மறு வருடம், 1786 ஆகஸ்டில், பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றினார். காடு வெட்டி நான்கு எல்லைத் தெருக்கள் போட்டார்கள்: லைட் தெரு, பீச் தெரு, பிறகு சூலியா தெருவாகிவிட்ட மலபார் தெரு, பிட் தெரு. அந்தப் பிட் தெருதான் நம் சாலை. 1801இல் மலபார் தெருவின் தென்பக்கத்தில் 18 ஏக்கர் தமிழ் முஸ்லிம்களுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே பள்ளிக்கூடத்துக்கு நிலம், இங்கே பள்ளிவாசலுக்கு நிலம். அந்த நிலத்தைச் சுற்றிக் குடிசை, கிணறு, கல்லறை, கடை எல்லாம் வந்து சேர்ந்தன. இதற்குக் கிராமம் என்பதைவிடப் பொருத்தமான பெயர் என்ன இருக்கிறது?

கேள்வி: கப்பித்தான் என்றால் கப்பல் ஓட்டியவரா?
(மாணவி, சுங்கை பட்டாணி)

பதில்: ஊர்த்தலைவர். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த வணிகர் காதர் முகைதீனை ஆங்கிலேயர்கள் அந்தப் பதவியில் அமர்த்தினார்கள். தம் மக்களுக்குள் வரும் வழக்கைத் தீர்ப்பதும், அரசாங்கத்திடம் அவர்களுக்காகப் பேசுவதும் அவர் வேலை. ஒன்றைக் கவனியுங்கள்: நம்மவர்களை லைட் அழைத்து வரவில்லை. அவருக்கு முன்பே கெடாவில் குடியிருந்தவர்கள், அங்கேயே பிறந்தவர்கள் உண்டு. 1794இல் லைட் எழுதிய அறிக்கையில், சூலியாக்கள் (தமிழ் முஸ்லிம்கள்) ஏறக்குறைய 1,000 பேர் குடியேறிவிட்டார்கள் என்றும், ஆண்டுதோறும் சோழமண்டலக் கரையிலிருந்து 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து சம்பாதித்துத் திரும்புகிறார்கள் என்றும் இருக்கிறது. காதர் முகைதீன் 1834இல் இறந்தார். சொத்தில் ஒரு பங்கைத் தருமத்துக்கு வக்பாக எழுதி வைத்தார். அவருடைய அடக்கத்தலம் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் கம்போங் கோலாமில் இருக்கிறது. பள்ளிவாசலைப் படம் எடுக்கிறவர்கள் அந்தச் சந்துக்குள்ளும் ஒரு நடை போய் வாருங்கள்.

கேள்வி: பெயரே பள்ளிவாசல் சாலை. அதில் இந்துக்களுக்கு என்ன பங்கு?
(வாசகர், ஈப்போ)

பதில்: பெரிய பங்கு. 1833இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயிலின் வாசல் குயின் தெருவில், முதுகு இந்தச் சாலையில். சாலையில் நடந்தால் குவான் யின் கோயில் ஊதுவத்திப் புகை முகத்தில் அடிக்கும். வடக்குக் கோடியில் 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம்.

ஆனால் எல்லாரும் எப்போதும் கைகோத்து நின்றார்கள் என்று சுற்றுலாப் பலகை சொல்வதை மட்டும் நம்பிவிடாதீர்கள். 1867 ஆகஸ்டில் இந்தத் தெருக்களில் சுமார் பத்து நாள் கலவரம் நடந்தது. அதிலும் அணி பிரிந்த விதத்தைப் பாருங்கள்: வெள்ளைக்கொடிச் சங்க முஸ்லிம்கள் கீ ஹின் சங்கத்துச் சீனர்களோடு ஒரு பக்கம், சிவப்புக்கொடிச் சங்க முஸ்லிம்கள் இன்னொரு சீனச் சங்கத்தோடு மறு பக்கம். அடித்துக்கொண்டபோதுகூட இந்த ஊர் மதம் பார்த்துப் பிரியவில்லை. எனக்கு இந்தத் தெருவின்மேல் மதிப்பு கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: வயல் இல்லாமல் கிராமமா?
(ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, நிபோங் தெபால்)

பதில்: ஐயா, வயல் இருந்தது, தள்ளி இருந்தது. முதலில் தீவுக்குள் மிளகுத் தோட்டம். 1800களின் தொடக்கத்தில் மிளகு விலை விழுந்தது. அடுத்து ஜாதிக்காய், 1860களில் நோய் வந்து மரங்கள் போயின. அதற்குள் நீங்கள் நிற்கிற செபராங் பிறை மண்ணில் கரும்பு ஏறிவிட்டது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றிய ஒப்பந்தக் கூலிகள் பினாங்கில் இறங்கி அந்தக் கரும்புக் காட்டுக்குப் போனார்கள். அந்த ஒப்பந்த முறை 1910இல்தான் ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே விளைந்ததற்கு இங்கே கிடங்கும் தரகும் கடனும். பினாங்கு தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகளில் ஒரு பாய், ஒரு பெட்டகம், சரிந்த மேசையில் ஒரு பேரேடு வைத்துக்கொண்டு ஓர் ஆள் கடை நடத்தினார். உங்கள் தோட்டமும் எங்கள் தெருவும் ஒரே ஊரின் இரண்டு பாதி.

கேள்வி: ஆண்கள் மட்டும்தானே வந்தார்கள்? குடும்பம் எப்படி வந்தது?
(வாசகி, தைப்பிங்)

பதில்: தொடக்கத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான். பல தமிழ் முஸ்லிம்கள் இங்கேயே மலாய்ப் பெண்களை மணந்தார்கள். அந்தப் பிள்ளைகள்தாம் ஜாவி பெரானாக்கான் சமூகம். பிற்காலத்தில் கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் உண்டு. 1926 முதல் 1973 வரை தமிழகக் கரைக்கும் பினாங்குக்கும் இடையே ரஜூலா கப்பல் ஓடியது. பினாங்குத் தமிழ் வீடுகளில் அந்தப் பெயரைச் சொன்னால், ஒரு அத்தையாவது தகரப்பெட்டிக் கதையோடு வருவார்.

கேள்வி: இப்போது இரவில் அந்தச் சாலையில் விளக்கெரியும் மாடிகளே குறைவு. ஊர் எப்போது காலியானது?
(முன்னாள் குடியிருப்பாளர், ஆயர் ஈத்தாம்)

பதில்: நீங்கள் கேட்டதுதான் இந்த வாரத்தின் கேள்வி.

முதல் காலி நூறு வருடத்துக்கு முந்தியது. 18 ஏக்கரில் குடிசைகள் நெருங்கி, வக்பு நிலம் யார் கையில் என்று வழக்காகிக் கிடந்தது. 1905இல் சட்டம் போட்டு, முஸ்லிம், இந்து அறக்கொடைகளுக்கென அரசாங்க வாரியம் வந்தது. கம்பத்து வீடுகள் போய்க் கடைவீடுகள் எழுந்தன. பள்ளிவாசலும் பெரிதாகி, இன்று நாம் பார்க்கிற குவிமாடங்களைப் பெற்றது. அழகு கூடியது, ஆனால் தலைமுறையாக இருந்த குடித்தனங்களில் பல அப்போதே வெளியேறின.

இரண்டாவது, துறைமுகம். பினாங்கின் தீர்வையில்லாத் துறைமுக உரிமை 1969இல் பறிபோனது. சரக்குப் பெட்டிகள் பட்டர்வொர்த் கரைக்குப் போயின. தொங்கான் படகுகளில் சுமை ஏற்றி இறக்கியவர்களுக்கு இந்தக் கரையில் வேலை இல்லாமல் போயிற்று.

மூன்றாவது அடிதான் பலமானது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரத்தாகி, 2000ஆம் ஆண்டு பிறந்ததும் பழைய வாடகை போயிற்று. தாத்தா காலத்து வாடகையில் அஞ்சடி நடைபாதைக்கு மேல் மாடியில் இருந்த குடும்பங்கள் சாமான்களைக் கட்டின. நீங்களும் அவர்களில் ஒருவர் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. சுவருக்குள் இருந்தவர்களுக்கு ஏற்கெனவே நேரம் கடந்திருந்தது.

ஐயோவாவிலும் இதே நோவு உண்டு. இயந்திரம் வந்ததும் ஆட்கள் தேவைப்படவில்லை. 1980களின் விவசாயக் கடன் நெருக்கடியில் நிலங்கள் கைமாறின. பிள்ளைகள் குறைந்து பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அங்கே வீடு சும்மா கிடக்கிறது, இங்கே வீடு விடுதியாகிறது. என் கருத்து இதுதான்: வக்பு நிலமும் கோயில் நிலமும் சமூகத்துக்கு என்று எழுதப்பட்டவை. அந்த நிலங்களில் ஒரு மாடி காலியானால், முதல் அழைப்பு குழந்தைகளோடு குடியிருக்க வருகிற குடும்பத்துக்குப் போக வேண்டும். அப்படிச் செய்யும் நில நிர்வாகியை நான் கைகூப்பி வணங்குவேன்.

கேள்வி: ஊர் உயிரோடு இருப்பதைப் பார்க்க எப்போது வரலாம்?
(வாசகி, கிள்ளான்)

பதில்: ரமலான் மாதத்தில் பிற்பகல். பள்ளிவாசலில் பெரிய அண்டாக்களில் நோன்புக் கஞ்சி காயும். நீளமான அகப்பையை இரண்டு கையாலும் பிடித்து, அடியில் பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருப்பார்கள், விட்டால் தீய்ந்துவிடும். அரிசி குழைந்து, வெந்தயமும் பூண்டும் மணக்க ஆரம்பித்ததும் வரிசை நீளும். தூக்குவாளியோடு வருகிறவரிடம் நீ யார், எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. மற்ற மாதங்களில் என்றால் இரவு வாருங்கள். பள்ளிவாசல் ஓரத்து நாசி கண்டார் கடை வரிசையில் நின்றால், பக்கத்தில் நிற்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது சோறு வருவதற்குள் தெரிந்துவிடும்.

கேள்வி: தாத்தா சூலியா தெருவில் கடை வைத்திருந்தார். அலமாரியில் பழைய ரசீது, பேரேடு, கப்பல் சீட்டு எல்லாம் கிடக்கின்றன. வீடு மாற்றுகிறோம், தூக்கிப் போட்டுவிடலாமா?
(வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: கை வைக்காதீர்கள்! ஈரம் படாத பெட்டியில் போடுங்கள். ஒவ்வொரு தாளையும் கைப்பேசியில் படம் எடுங்கள். புகைப்படங்களின் பின்பக்கம் பேனா வேண்டாம், பென்சிலால் பெயர் எழுதுங்கள். வீட்டில் மூத்தவர் யார் இருக்கிறாரோ அவரை உட்கார வைத்துக் கேளுங்கள்: எந்த ஊர், எந்தக் கப்பல், எந்த வருடம், கடை எண் என்ன, மாடியில் யார் யார் தூங்கினார்கள். கேட்கும்போது தாத்தா பெயரோடு நிறுத்தாமல் பாட்டி பெயரையும், அவர் பிறந்த ஊரையும் எழுதி வையுங்கள். கடைக் கணக்கிலும் கப்பல் சீட்டிலும் அவர் இருக்க மாட்டார்.