நத்தை குத்தியும் நானும்

60 வயதில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், மனைவி எனக்கு ஒரு தொலைநோக்கி வாங்கித் தந்தாள். அன்பு என்று நினைத்தேன். அதுவரை குசினி வாசலில் நின்று அவள் வெங்காயம் நறுக்கும் முறையில் குறை சொல்லிக்கொண்டிருந்தவன் நான். வெளியே அனுப்பத்தான் அந்தப் பரிசு.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வடக்கே தெலுக் ஆயர் தாவார் சேற்றுக்கரைக்கு மோட்டாரை விட்டேன். சைபீரியாப் பக்கமிருந்து வலசை வரும் பறவைகள் அங்கே மேயுமாம். கடல் ஏறியிருந்த நேரம். இரண்டு மணி நேரம் தண்ணீரைத்தான் பார்த்தேன். நீர் வற்றினால்தான் பந்தி என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அடுத்த முறை பந்தி களைகட்டியிருந்தது. மணல் உப்புக்கொத்திக்கு அலகு 2 சென்டிமீட்டர்கூட இல்லை. கண்ணால் பார்த்து, ஓடி, நின்று, மேலாகக் கொத்துகிறது. கோட்டான் என்றொரு கரைப்பறவை, ஆந்தையல்ல; அதில் பெண்ணின் வளைந்த அலகோ 15 சென்டிமீட்டரைத் தாண்டுவதுண்டு. சேற்றுக்குள் விட்டு, நுனியால் தடவியே புழுவையும் நண்டையும் பிடிக்கும். ஆளுக்கோர் ஆழம், அடிதடி இல்லை. ஒரே சட்டியில் ஒரு கோழிக்காலுக்கு நான்கு கைகள் நீண்ட வீட்டில் வளர்ந்தவன் நான், மலைத்துப்போனேன்.

சின்னக்கொக்கு மஞ்சள் பாதத்தால் சேற்றைக் கலக்கி, பதறி ஓடும் மீனைப் பிடிப்பதை வீட்டில் விவரித்தேன்.

“இறால் சம்பல்ல கரண்டிய விட்டு அடிவரைக்கும் துழாவுறீங்களே, அந்த மாதிரியா?” என்றாள்.

என் குருநாதர் நத்தை குத்தி நாரை. வேடந்தாங்கலில் கூடு கட்டும் இனம். சின்ன வயதில் இந்தப் பக்கம் நான் கண்டதில்லை. இப்போது வயலில் கூட்டமாக நிற்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்து நாற்றைத் தின்று தீர்க்கும் தங்க நத்தைதான் அதற்கு விருந்து. வாயை மூடினாலும் அலகின் நடுவே ஒரு சந்து தெரியும்; பாக்குவெட்டி மாதிரி நசுக்கும் என்றே நினைத்திருந்தேன். இல்லை. மேல் அலகால் ஓட்டை அமுக்கிக்கொண்டு, கீழ் அலகின் கூர்நுனியை உள்ளே செருகி, தசையை அறுத்து, சதையை முழுசாக உருவிவிடுகிறது. வெற்று ஓட்டை வரப்பில் போட்டுவிட்டு அடுத்ததற்கு நடக்கிறது.

அன்றிரவு மைத்துனர் வீட்டில் சிப்புட் செடுட் நத்தை, தேங்காய்ப்பாலில். எல்லாரும் உறிஞ்சினார்கள். நான் மட்டும், “நாரை எப்படிச் செய்யுது தெரியுமா?” என்று ஊக்கைச் செருகினேன். நத்தை அசையவில்லை. ஓடு வழுக்கிப் பறந்து மைத்துனரின் வெள்ளைச் சட்டையில் குழம்போடு இறங்கியது.

மறுநாள் பசியாறும்போது நிமிர்ந்தேன். எதிரே மனைவி தொலைநோக்கியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பார்க்கிற?”

“நத்தை குத்திதாங்க. முப்பது வருசமா இங்கதான் மேயுது. தின்ன ஓட்ட மட்டும் வரப்புலேயே போட்டுட்டு எந்திரிச்சுப் போகுது.”

எழப்போன நான், தட்டோடு எழுந்தேன்.