அடுப்பு ஏறிய மலை

ஐரோப்பாவின் கணக்குப்படி கிளிமஞ்சாரோ பிறந்தது 1848 மே 11-ஆம் தேதி. அதற்கு முன்னால் அந்த மலை சும்மா நின்றுகொண்டிருந்தது. அடிவாரத்தில் வாழை வைத்து, வாழைப்பழத்தில் பீர் காய்ச்சி, மலையாற்றுத் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பிப் பாசனம் செய்துகொண்டிருந்த சாகா மக்கள் அதைத் தினமும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் ஐரோப்பாவுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம். போடவில்லை. ஆகவே அந்தப் பார்வையெல்லாம் செல்லாது.

கடிதம் போட்டவர் யோஹன்னஸ் ரெப்மன் என்ற ஜெர்மன் பாதிரியார். சிங்கம் திரியும் காட்டுக்குள் அவர் கொண்டுபோன ஆயுதம் ஒரு குடை. தொலைவில் மலையின் தலையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. வழிகாட்டி ப்வானா கேரியிடம் கேட்டார். அது ஒரே குளிர் என்றார் அவர். பனிதான் என்று பாதிரியாருக்கு உடனே புரிந்துவிட்டது. மச்சாமே தலைவர் ரெங்குவா முன்பொருமுறை மேலே ஆள் அனுப்பிப் பார்த்தார், ஒருவர் மட்டுமே கைகால் மரத்துத் திரும்பி வந்தார் என்ற கதையும் ரெப்மன் காதில் விழுந்தது. முதலில் ஏறியவர் யார் என்ற பட்டியலில் அந்த மனிதருக்கு இடமில்லை. பனி கையைத் தின்றதற்கு அவரிடம் சான்றிதழ் ஏது?

கடிதம் லண்டன் போனது. அங்கே வில்லியம் டெஸ்பரோ கூலி என்றொரு புவியியல் அறிஞர். ஆப்பிரிக்காவைப் பற்றித் தடித்தடியாக எழுதுவார். ஆப்பிரிக்காவில் கால் வைத்ததில்லை. வைத்தால் எழுதியதையெல்லாம் திருத்த வேண்டியிருக்குமே! நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பனியாவது, பாதிரியார் கனவு கண்டிருக்கிறார் என்று அடித்துச் சொல்லிவிட்டார். 1862-இல் பரோன் கார்ல் கிளாஸ் ஃபான் டெர் டெக்கன் சுமார் 4,300 மீட்டர் வரை ஏறி, தலையிலேயே பனி கொட்டப் பெற்று இறங்கி வந்தார். கூலி அசையவில்லை. 1871-இல் சார்ல்ஸ் நியூ என்ற இன்னொரு பாதிரியார் பனியைக் கையாலேயே தொட்டுவிட்டார். கூலி அதற்கும் அசையவில்லை. 1883-இல் கண்ணை மூடும்வரை மனிதர் தன் கொள்கையில் உறுதியாக இருந்தார். பனி உருகினாலும் உருகும், பண்டிதர் உருகமாட்டார்.

அடுத்து வந்தவர் ஹான்ஸ் மேயர். லைப்சிக் நகரத்துப் பதிப்பாளர் வீட்டுப் பிள்ளை. குடும்பத் தொழில் கலைக்களஞ்சியம் போடுவது. வீட்டுப் புத்தகத்தில் ஒரு மலை ஏறப்படாமல் கிடப்பது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். 1887-இல் ஏறினார். கூட வந்த வேறொரு பரோன் பாதியிலேயே படுத்துவிட, இவரும் பனிச்சுவர் வரை போய், அதை வெட்டக் கருவியில்லாமல் திரும்பினார். 1888-இல் மறுபடி வந்தார். கடற்கரையில் அபுஷிரி தலைமையில் ஜெர்மானியருக்கு எதிரான கலகம் வெடித்திருந்தது. மேயரையும் கூட வந்த ஆஸ்கர் பாவ்மனையும் பிடித்துச் சங்கிலி போட்டுவிட்டார்கள். பணயத்தொகை கொடுத்தபிறகுதான் விட்டார்கள், அதுவும் ரூபாயில். அந்தக் கரையில் அப்போது புழங்கிய காசு அதுதான். அந்த வருஷம் மலையைக் கிட்டத்தில்கூடப் பார்க்காமல் ஊர் திரும்பினார்.

இந்த இடத்தில் மேயரை மெச்சத்தான் வேண்டும். ஆள் யோசித்தார். தனக்கு முன்னால் தோற்றவர்கள் எல்லாரும் ஏன் தோற்றார்கள்? வீரம் குறைந்தா? வயிறு காய்ந்து! மேலே போகப் போகச் சாப்பாடு தீர்ந்துவிடும். குளிரில் சுமைக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். உச்சி கண்முன்னால் இருக்கும், உண்ண ஒன்றும் இருக்காது. எனவே 1889-இல் அவர் போட்ட திட்டம், என் பார்வையில், மலையேற்றத் திட்டமே இல்லை. அது பந்தி விசாரணை. மாரங்குவில் தலைவர் மரியாலேயின் ஆதரவில் அடிவாரத் தளம். காட்டுக்கு மேலே ஒரு முகாம். 4,300 மீட்டரில் ஒரு சின்னக் கூடாரம். இவற்றுக்கிடையே சில நாளுக்கொருமுறை சுமைக்காரர்கள் புதுச் சாப்பாடு கொண்டுவர வேண்டும். உச்சி ஒருநாள் ஏமாற்றினால் கீழே கூடாரத்துக்கு வந்து, தின்று, தூங்கி, மறுபடி ஏறலாம்.

அந்த மேல் கூடாரத்தில் சமையல் கட்டைக் காத்தவர் பாங்கனி ஊரைச் சேர்ந்த முவினி அமானி. கடற்கரைக்காரர். வெயிலில் பிறந்து வளர்ந்த உடம்போடு அந்த உயரத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் உட்கார்ந்து, விறகு பொறுக்கி, அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொண்டார். மற்றவர்கள் தூக்கி வைத்துவிட்டு ஓடுவார்கள், இவர் ஓடவில்லை. மேயரே புத்தகத்தில் நன்றியோடு எழுதியிருக்கிறார். பனியாறு, முகடு, பள்ளம் என்று ஆளாளுக்குப் பெயர் வைத்தபோது மட்டும் இவர் நினைவுக்கு வரவில்லை.

மேயரோடு ஏறியவர் லுட்விக் பூர்ட்ஷெல்லர், சால்ஸ்பர்க் பள்ளி உடற்பயிற்சி வாத்தியார். அக்டோபர் 3-ஆம் தேதி இருவரும் பனியில் படி வெட்டி வெட்டி எரிமலை வாயின் விளிம்பை எட்டினார்கள். உச்சி இன்னும் தள்ளி இருந்தது. உடம்பில் தெம்பில்லை. பழைய ஆட்களாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இவர்கள் இறங்கி, அமானியின் அடுப்புக்குப் போய், தேறி, 6-ஆம் தேதி காலையில் உச்சியில் நின்றார்கள். அன்று வாத்தியாருக்கு நாற்பதாவது பிறந்தநாள். அதற்காக வாழ்த்துப் பாடியதாகத் தகவல் இல்லை. சக்கரவர்த்திக்கு மூன்று முறை ஜே போட்டார்கள். கொடியை நட்டு, ‘கைசர் வில்ஹெல்ம் சிகரம்’ என்று பெயர் சூட்டினார்கள். மேயர் உச்சியிலிருந்து ஒரு கல்லை எடுத்துப்போய், பாதியைச் சக்கரவர்த்திக்குக் கொடுத்தார். அவர் அதைப் போட்ஸ்டாம் அரண்மனைச் சுவரில் பதித்துக்கொண்டார். சக்கரவர்த்தியே 1918-இல் நாட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. 1961 டிசம்பரில் மலை இருக்கும் நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் அலெக்சாண்டர் நிரெண்டா என்ற இளம் ராணுவ அதிகாரி உச்சியில் தீபம் ஏற்றினார். சிகரத்தின் பெயர் ‘உஹுரு’, அதாவது விடுதலை, என்றாயிற்று.

மேயரின் பந்தித் திட்டம் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. இன்றும் அங்கே வழிகாட்டி இல்லாமல் ஏறக்கூடாது என்பது சட்டம். ஐந்திலிருந்து எட்டு நாள் நடை. பயணி கையில் தண்ணீர் பாட்டிலும் காமிராவும். கூடாரம், நாற்காலி, முட்டை, அடுப்பு எல்லாம் சுமைக்காரர் தலையில். ‘போலே போலே’, மெதுவா மெதுவா, என்று பயணிக்குப் பாடம் சொல்லிவிட்டு, அவர்களோ இருபது கிலோவோடு விறுவிறுவென்று முந்திப்போய் சூப் கொதிக்க வைத்துக் காத்திருப்பார்கள். படுக்கையோடு குடிசை இருக்கும் மாரங்கு வழிக்குக் கோக்க-கோலா பாதை என்றும், செங்குத்தான மச்சாமே வழிக்கு விஸ்கிப் பாதை என்றும் பட்டப்பெயர். இறங்கியதும் சான்றிதழ் பயணிக்கு.

1989-இல் ஏற்றத்தின் நூற்றாண்டு விழா வந்தது. மேடையில் வெள்ளைப் பெயர்கள் மட்டும் இருந்தால் நன்றாக இருக்காதே! மாரங்குவில் யோஹானி கின்யாலா லாவோ என்ற பெரியவர் இருந்தார். வாழ்நாளெல்லாம் வழிகாட்டியாக இருந்தவர், மேயரை அழைத்துப்போனவரும் அவரே என்றார்கள். அரசு அவருக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தது. 1996-இல் காலமானபோது வயது 125 என்று சொன்னார்கள். மேயரின் புத்தகத்தில் இவர் பெயரே இல்லை, வயதும் நம்பும்படி இல்லை என்று அறிஞர்கள் புருவத்தை உயர்த்தினார்கள். நியாயம்தான். ஆனால் மேயர் மலையின் உயரம் 6,010 மீட்டர் என்று சொன்னார்; ஜெர்மன் வரைபடங்கள் நெடுங்காலம் அதையே அச்சிட்டன. மலையின் உண்மையான உயரம் 5,895 மீட்டர். மலைக்கு 115 மீட்டர் கூட்டிப் போட்ட நாளில் அந்தப் புருவங்கள் எங்கே போயிருந்தனவோ!