சொந்த நடையில் மாயாமாளவகௌளை

வீணை டீச்சரிடம் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எப்ப பாட்டு ஆரம்பிப்பீங்க?" இரண்டாவது, "மடியில வீணையோட ஒரு ஃபோட்டோ எடுத்துக்கலாமா?" ஆர்வமெல்லாம் இரண்டாவதில்தான். பலாமரக் குடம், யாளி முகம், பட்டுப்பாவாடை எல்லாம் சேர்ந்து சரஸ்வதி பூஜைக்குள் பெண் சரஸ்வதி ஆகிவிட வேண்டும். இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி அறுத்த தடம் படத்தில் விழாது. அந்த இடம் காய்த்துப் போனால்தான் கமகம் பேசும். காய்ப்பதற்குள் பாதிப் பேர் கீபோர்டுக்குப் போய்விடுகிறார்கள்.

புரந்தரதாசர் போட்டுக் கொடுத்த வழியில் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை தொடங்குகிறோம். ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஓர் அப்பா கதவோரம் நின்று கேட்டார்: "டீச்சர், மொத்தமே ஏழு ஸ்வரம்தானே, எதுக்கு இத்தனை மாசம்?" உங்கள் கம்ப்யூட்டரில் பூஜ்யமும் ஒன்றும் மட்டும்தானே, அதற்கு எதற்கு நாலு வருஷ இன்ஜினியரிங் என்று கேட்டிருக்கலாம். மாதம் பிறந்து ஐந்து தேதி ஆகியும் ஃபீஸ் வரவில்லை. சிரித்து வைத்தேன்.

வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதித்தவை. அக்னி நட்சத்திரத்தில், மின்விசிறியும் நின்றுபோன மாடி அறையில், மெழுகு இளகிக் காந்தாரம் தன் இடத்தை விட்டு நகரும். இதை ஒருமுறை வகுப்பில் விளக்கிச் சொன்னேன். அன்றிலிருந்து எங்கே அபஸ்வரம் விழுந்தாலும் "மெட்டு நகர்ந்துடுச்சு டீச்சர்" என்கிறார்கள். மார்கழியிலும்.

பாட்டு இயற்றும் ஆசையும் எனக்கு உண்டு. குடியிருப்புச் சங்கச் செயலாளர் நவராத்திரிக்கு ஒரு பாட்டு கேட்டார். "டியூன் மட்டும் எல்லாருக்கும் தெரிஞ்ச சினிமா டியூனா இருக்கட்டும் மேடம்." கோபம் வந்தது. கூடவே முத்துசாமி தீட்சிதரும் நினைவுக்கு வந்தார். வீணைக்காரரான அவர் ஆங்கிலேய பாண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தவர். பிரிட்டிஷ் அரசகீதத்தின் மெட்டிலேயே அம்பாளைப் பாடியவர். தீட்சிதர் செய்தால் நோட்டுஸ்வரம், நான் செய்தால் காப்பி என்பது உறைத்ததும், அவருடைய தந்தை ராமசுவாமி தீட்சிதர் உருவாக்கிய ஹம்சத்வனியில் சொந்தமாகவே மெட்டுப் போட்டேன். தீட்சிதருக்கு 'குருகுஹ' முத்திரை. எனக்கு? "சரணத்துல பி பிளாக் வந்துடணும், லிஃப்டுக்கு அவங்கதான் அதிகமா கொடுத்தாங்க" என்றார் செயலாளர். வந்தது. தாளம்கூட இடிக்கவில்லை.

ஐம்பதை நெருங்கும்போது முனைவர் பட்டத்தில் ஆசை விழுந்தது. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் தியாகராஜரைப் பற்றிச் சமஸ்கிருதத்தில் ஒரு காவியமே எழுதி 1943-இல் திருவிதாங்கூரில் டாக்டர் பட்டம் பெற்றார். என் ஆய்வுக்கு வினாத்தாள் தயாரிக்கச் சொன்னார்கள். 'தோடி கேட்கும்போது மனம் உருகுகிறது: முழுமையாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்து இல்லை.' தோடியைக் கேட்டும் கருத்து இல்லை என்று டிக் அடித்தவர்கள் என் சொந்தக்காரர்கள். பெயர் எழுதாவிட்டாலும் கையெழுத்து தெரியாதா?

ஆய்வேட்டைக் கருத்துத் திருட்டு கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டார்கள். ஆரோகண அவரோகணம், சரளி, ஜண்டை எல்லாம் சிவப்பு. ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறார்களாம். 'சொந்த நடையில் மாற்றி எழுதவும்' என்று குறிப்பு வந்தது. மாயாமாளவகௌளையின் காகலி நிஷாதத்தைக் கைசிகியாக்கினால் 14-ஆவது மேளமான வகுளாபரணம் ஆகும். மத்தியமத்தை ஏற்றினால் 51-ஆவதான காமவர்த்தனி. சொந்த நடை எந்த இடத்தில் நுழையும்? இதை எழுதிக் கொடுத்தேன். அந்த விளக்கத்திலும் பாதி சிவப்பாகத் திரும்பி வந்தது. கடைசியில் அடிக்குறிப்பில் புரந்தரதாசர் பெயரைப் போட்டதும் மென்பொருள் சமாதானமானது.

பல்கலைக்கழகங்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த இசை ஆய்வேட்டை அதனிடம் கொடுப்பதற்கு முன் அந்த மென்பொருளுக்கு 72 மேளகர்த்தாக்களையும் யாராவது சொல்லி வையுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நானே வருகிறேன். மாத ஃபீஸ் ஐந்தாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும்.