கூட ஒரு ஆயிரம்

எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். காற்றால் பெயின்ட் தெளிக்கிற ஏர்பிரஷ் வாங்கப் போவதாக இவர் காதுபடச் சொல்லிவிடக் கூடாது. சொன்னீர்களோ, நீங்கள் வாங்கினாற்போலத்தான்.

“பட்ஜெட் எவ்வளவு?” என்பார் முதலில். மனுஷன் நம் கையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்வார் என்று நமக்கு நெஞ்சு குளிர்ந்துவிடும். ஏலத்தை எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் கேட்டது.

என் அக்கா மகள் அப்படித்தான் மாட்டினாள். பரணில் பாட்டி காலத்துக் கொலு பொம்மைகள். பாதி விளாச்சேரி மண், பாதி பண்ருட்டிக் காகிதக்கூழ். செட்டியாருக்குக் கன்னம் உதிர்ந்து, தசாவதாரத்தில் யார் யார் என்று தெரியாத நிலை. பிரஷ்ஷில் அடித்தால் கோடு கோடாகத் தெரிகிறதே என்று ஏர்பிரஷ் வாங்க ஆசைப்பட்டாள். “மூவாயிரம் வரைக்கும் போகலாம் அங்கிள்” என்றாள், பாவம்.

“மூவாயிரத்துக்கு அந்தக் கைக்கு அடக்கமான பேட்டரி மாடல்தாம்மா வரும். நாலு பொம்மை அடிக்கிறதுக்குள்ள சார்ஜ் போயிடும். கூட ஒரு ஆயிரம் போட்டா, கரண்ட்ல ஓடற கம்ப்ரஸரே வாங்கிடலாம்.”

நியாயம்தானே என்று அவளும் தலையாட்டினாள்.

“ஆனா அதுல டேங்க் இருக்காது. டேங்க் இல்லேன்னா காத்து துடிச்சுத் துடிச்சு வரும், பெயின்ட் புள்ளி புள்ளியா விழும். கூட கொஞ்சம் போட்டா மூணு லிட்டர் டேங்க். ரெகுலேட்டரும் இருக்கும். பதினஞ்சு, இருபது பிஎஸ்ஐ-ல நிறுத்திக்கலாம்.”

இவர் அகராதியில் ‘கூட கொஞ்சம்’ என்பதற்கு நிலையான மதிப்பு கிடையாது. முதல் தடவை ஆயிரம். அடுத்த தடவை மூவாயிரம். மூன்றாவது தடவை தொகையே சொல்ல மாட்டார். “வாங்கறதுதான் வாங்கறோம்” என்று நம்மையும் கூட்டாளியாக்கிக்கொள்வார்.

கம்ப்ரஸர் முடிந்ததும் சென்னையின் காற்றுக்கு வந்தார். இந்த ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், அழுத்தினால் அந்த ஈரம் தண்ணீராகிக் குழாய் வழியாக வந்து பெயின்டில் துப்பும், அதனால் நல்ல மாய்ஸ்சர் டிராப் வேண்டும். அதற்கும் கூட கொஞ்சம். பிறகுதான் கன், அதாவது ஏர்பிரஷ். “பேரில்லாத கன்ல ரப்பர் ஓ-ரிங் போட்டிருப்பான், தின்னர் பட்டா உப்பிடும். டெஃப்லான் சீல் இருக்கணும்.” பேட்ஜர் கம்பெனி கன் என்றார். பேட்ஜர் வரை வந்தவள் இவாட்டாவின் நியோவுக்கு வரக் கூடாதா என்றார். நியோவுக்கு வந்தவள் ஜெர்மன்காரனின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக்கை ஒரு தடவை கையில் பிடித்துப் பார்க்கக் கூடாதா என்றார். பொம்மையின் உடம்புக்கு 0.5 மில்லிமீட்டர் நாசில், கண்ணுக்கு 0.2, இரண்டுக்கும் நடுவில் 0.3. மாஸ்க். புகையை வெளியே தள்ள ஃபேன் வைத்த பெட்டி. கடைசியில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்தக் காசுக்குப் புதுக் கொலுவே வாங்கிவிடலாம், படியோடு.

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பொய் சொல்கிறவரோடு சண்டையாவது போடலாம்.

கதையைக் கேளுங்கள். 1870-களில் அமெரிக்காவில் அயோவா மாநிலத்துக்காரர் ஆப்னர் பீலர் ஏர்பிரஷ் ஒன்றைச் செய்தார். தையல் மெஷின் ஊசி, வளைந்த கரண்டி, பழைய ஸ்க்ரூ டிரைவர் என்று வீட்டில் கிடந்ததையெல்லாம் மரக்கட்டையில் பொருத்திக் காற்றை ஊத வைத்தார். படமும் வரைந்தார். நம் மனுஷன் மட்டும் அன்று அயோவாவில் பக்கத்து வீட்டில் இருந்திருந்தால், “கரண்டி வெள்ளியில இருந்தா நல்லது சார், கூட ஒரு டாலர்...” என்று ஆரம்பித்திருப்பார். ஏர்பிரஷ் என்ற ஒன்றே உலகத்துக்கு வந்திருக்காது.

இவரிடம் சொந்தமாக ஒரு கன் உண்டு. நல்ல கன். நுரைப் பள்ளத்தில் படுத்திருக்கும். பட்டுத்துணி விரித்துக் காட்டுவார். அதில் பெயின்ட் ஊற்றி யாரும் பார்த்ததில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பில்டிங்கில் கேக் செய்து விற்கிற பெண் ஒருத்தி, இவரைக் கேட்காமலே ஒரு மலிவு கன் வாங்கிவிட்டாள். பிறந்தநாள் கேக்குக்கு முதல் நாள் ராத்திரி அதைக் கழுவும்போது கை தவறி ஊசிமுனை வளைந்துவிட்டது. அழாத குறை. மனுஷன் பூதக்கண்ணாடியும் இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாளுமாக வந்தார். கன்னைக் கழற்றும்போது சிங்க் ஓட்டையை முதலில் துணியால் அடைத்தார். அரிசிமணிகூடப் பெரிது, அந்த நாசில் அவ்வளவு சிறிசு. ஊசியைத் தாளில் படுக்க வைத்து, விரலால் உருட்டி உருட்டி முனையை நிமிர்த்தினார். பேசவே இல்லை. காபி வேண்டாம் என்றுவிட்டார். போகும்போது, “கேக்குக்கு அடிக்கிற கன்ல வேற பெயின்ட் ஊத்திடாதம்மா” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தில் அவரைப் போல நல்லவர் யாருமில்லை.

அப்படிப்பட்டவர், ஆரம்பிக்கிற பிள்ளைகளிடம் இதைத்தானே முதலில் சொல்ல வேண்டும்? பெயின்ட்டைப் பால் பதத்துக்குக் கரைக்கக் கற்றுக்கொள். ஒவ்வொரு வண்ணம் மாற்றும்போதும் கப்பைக் கழுவு. அக்ரிலிக் ஊசிமுனையில் காய்ந்து அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது துடைத்துவிடு. இருபதாயிரம் ரூபாய் கன்னிலும் அது காயத்தான் செய்யும். காசு கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் கம்ப்ரஸருக்குக் கூடுதலாகப் போடு, 0.3-ல் ஒரு சாதாரண டபுள் ஆக்‌ஷன் கன் போதும். அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட், விரலுக்கு அந்தப் பழக்கம் வர எப்படியும் நாளாகும். இவ்வளவுதான் விஷயம். இவருக்கு இது நன்றாகவே தெரியும். கையிலிருக்கும் காசுக்கு ஏதாவது ஒன்றை வாங்கி, நாலு பொம்மையைக் கெடுத்து, ஐந்தாவதைச் சரியாக அடித்திருக்க வேண்டிய பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ச்சி செய்ய வைத்துவிடுகிறார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அக்கா மகள் கெட்டிக்காரி. ஒரு மாதம் அவர் போனை எடுக்கவில்லை. டேங்க் வைத்த கம்ப்ரஸர் ஒன்றைத் தெரிந்த பையனிடம் செகண்ட் ஹேண்டில் பிடித்து, கூடவே பேரில்லாத கன் ஒன்றும் வாங்கி, மொட்டைமாடி ரூமில் ஒளித்து வைத்து அடித்தாள். நவராத்திரிக்கு அவரும் சுண்டலுக்கு வந்தார். செட்டியாரைக் கையில் எடுத்தார். கன்னத்துச் சிவப்பு மஞ்சளுக்குள் கரைகிற இடத்தைக் கண்ணாடியை உயர்த்தி வெகுநேரம் பார்த்தார்.

“இது ஏதும்மா?”

“புதுசு அங்கிள். கடையில வாங்கினோம்” என்றாள், கண் இமைக்காமல்.

“அதான பார்த்தேன். பார்த்தியா ஃபினிஷிங்கை? இதெல்லாம் ஜெர்மன் கன்” என்றார்.