பாட்டு எப்போது முடியும்?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குழுவைப் பற்றியவை. கலிபோர்னியாவின் கிரேட்ஃபுல் டெட். மேடையேறினால் தங்கள் இஷ்டத்துக்கு வாசித்துத் தள்ளுவார்கள் என்று பெயரெடுத்தவர்கள். அவர்களை உயிராக நேசித்துக்கொண்டே கேலி செய்த ரசிகர் கூட்டமும் அதே அளவு பிரசித்தம். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்பதால் சில பதில்கள் கொஞ்சம் நீளும்.

அந்தக் குழுவை அதிகமாகக் கிண்டல் செய்பவர்கள் அதன் ரசிகர்கள்தானாமே? (கோவை)

ஆமாம். ‘டெட்ஹெட்’ என்று தங்களை அழைத்துக்கொள்ளும் அந்த ரசிகர்களிடம் பழைய ஜோக் ஒன்று உண்டு. போதை இறங்கியதும் டெட்ஹெட் என்ன சொன்னான்? “ஐயய்யோ, என்ன கண்றாவிப் பாட்டுடா இது!” அவர்களே சொல்லிச் சொல்லித்தான் அது ஊரெல்லாம் பரவியது. 1965 முதல் 1995 வரை 30 ஆண்டுகளில் 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள். இன்று ராத்திரி எந்தப் பாட்டு என்று முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியல் கிடையாது. நேற்று வாசித்தது போல இன்று வாசிப்பதும் கிடையாது. அதனாலேயே ரசிகர்கள் வேனில் ஏறி ஊர் ஊராகப் பின்னால் போனார்கள். ஒரே ஒரு கச்சேரி கேட்டவனுக்கு ஜோக் வராது, எரிச்சல்தான் வரும். ஐம்பது கச்சேரி கேட்டவனுக்குத்தான் எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரியும்.

ஒரு பாட்டு அதிகபட்சம் எவ்வளவு நீளும்? (திருநெல்வேலி)

‘டார்க் ஸ்டார்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் சிங்கிளாக வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. அடுத்த வருடம் ‘லைவ்/டெட்’ ஆல்பத்தில் 23 நிமிடம். 1972 மே மாதம் ராட்டர்டாமில் முக்கால் மணி நேரத்தைத் தாண்டியது. அதோடும் விடவில்லை. குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ஃபில் லெஷ், கனடாக்காரரான ஜான் ஆஸ்வால்டை அழைத்துக் குழுவின் பழைய டேப்புகளைக் கையில் கொடுத்தார். வெவ்வேறு ஆண்டுகளில் வாசித்த நூற்றுக்கு மேற்பட்ட ‘டார்க் ஸ்டார்’களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரே ‘டார்க் ஸ்டார்’ செய்துவிட்டார் அவர். ஆல்பத்தின் பெயர் ‘கிரேஃபோல்டட்’. ரசிகர்கள் விளையாட்டாகச் சொல்லிவந்ததைக் குழு நிஜமாகவே செய்து காட்டிவிட்டது.

அவ்வளவு நேரம் என்னதான் வாசிப்பார்கள்? (சேலம்)

எல்லோரையும் பாட்டுக்குள் இழுத்துவருவது ஒரு சின்ன மெட்டு. கொஞ்ச நேரத்தில் அதைக் கைவிட்டு ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுவார்கள். வழக்கமான ராக் குழுவில் பேஸ் கிதார் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். லெஷ் அப்படி நின்றவர் இல்லை. இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோவிடம் மில்ஸ் கல்லூரியில் பாடம் கேட்டவர் அவர். டிரம்பெட்டை விட்டுவிட்டு இந்தக் குழுவுக்காகத்தான் பேஸ் கற்றுக்கொண்டார். அதனால் அவருடைய பேஸ் இன்னொரு கிதாராகவே ஜெரி கார்சியாவோடு பேசும். கார்சியா பான்ஜோவில் ஊறியவர். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக மணி போல விழும். இரண்டாவது கிதாரில் பாப் வியர் வழக்கமான தாளத்தை அடிக்காமல் அவர்கள் இருவருக்கும் நடுவில் இடைவெளி தேடுவார். ஜான் கோல்ட்ரேனின் ஜாஸைச் சேர்ந்து உட்கார்ந்து கேட்டவர்கள் இவர்கள். அங்கே கற்றது ஒன்றுதான்: பக்கத்தில் இருப்பவனைக் கேட்டு வாசி.

சில இரவுகளில் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காது. ஐந்து பேரும் இருட்டில் செருப்பைத் தேடுவது போலத்தான் இருக்கும். திடீரென்று ஒருவர் ஒரு பிடியைத் தொடுவார், மற்ற நால்வரும் அந்த நொடியே அதில் வந்து சேருவார்கள். அந்தச் சேர்க்கையை ஒத்திகை பார்த்துக் கொண்டுவர முடியாது. அதற்காக அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்க நான் தயார்.

டிரம்ஸ் தொடங்கினால் எல்லோரும் கழிவறைக்கு ஓடுவார்களாமே? (மதுரை)

ஓடினார்கள். 1978 முதல் கச்சேரியின் இரண்டாம் பாதியில் அநேகமாகத் தவறாமல் ‘டிரம்ஸ்’ வரும். டிரம்மர்கள் மிக்கி ஹார்ட்டும் பில் க்ரூட்ஸ்மனும் மட்டும் மேடையில் இருப்பார்கள். அவர்கள் ஓய்ந்ததும் கிதார்காரர்கள் திரும்பி வந்து, தாளமும் மெட்டும் இல்லாத ‘ஸ்பேஸ்’ என்ற பகுதியைத் தொடங்குவார்கள். ‘டிரம்ஸும் ஸ்பேஸும்’ என்றாலே ரசிகர்கள் மொழியில் கழிவறை இடைவேளைதான். நியாயமான ஜோக். அலுப்பான இரவுகள் நிறையவே இருந்தன.

ஆனால் அந்த வரிசையில் நின்றவர்கள் சிலதை இழந்தார்கள். ஹார்ட் தன் டிரம்களை இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டு ‘பீஸ்ட்’ என்றொரு ராட்சசனைக் கட்டிவைத்திருந்தார். நீண்ட உலோகத் தண்டில் தந்திகளைப் பூட்டிய ‘பீம்’ என்ற வாத்தியமும் உண்டு. அதன் அதிர்வு காதுக்கு முன்னால் நெஞ்சுக்கு வந்துவிடும். இவர்களின் வாசிப்பைக் கேட்டுவிட்டுத்தான் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா, ‘அபாகலிப்ஸ் நவ்’ படத்துக்குத் தாள ஒலிகள் செய்து தரும்படி ஹார்ட்டை அழைத்தார்.

நம்ம ஊர் சபாவிலும் தனி ஆவர்த்தனம் வந்தால் கேண்டீனில்தானே கூட்டம்? (கும்பகோணம்)

கும்பகோணத்திலிருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தம். இரண்டு ஊர்க் கதையும் ஒரு இடத்தில் நிஜமாகவே சந்திக்கின்றன. மிக்கி ஹார்ட் தபலா மேதை அல்லா ரக்காவிடம் தாளம் கற்றவர். அவருடைய மகன் ஜாகிர் உசேனோடு பல ஆண்டுகள் சேர்ந்து வாசித்தவர். ஹார்ட் 1991-இல் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ ஆல்பத்தில் ஜாகிர் உசேனோடு நம் விக்கு விநாயக்ராமின் கடமும் ஒலிக்கிறது. உலக இசை ஆல்பத்துக்கென்று கிராமி விருது முதன்முதலாகத் தரப்பட்டபோது அதை வென்றது இந்த ஆல்பம்தான். அங்கே கழிவறைக்குப் போனவரும் இங்கே காபிக்கு எழுந்தவரும் திருப்பி வாங்கிக் கேட்க வேண்டிய ஆல்பம் அது.

போதைதானே எல்லாவற்றுக்கும் காரணம்? (வேலூர்)

தொடக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். எழுத்தாளர் கென் கீசி 1965-66-இல் நடத்திய ‘ஆசிட் டெஸ்ட்’ என்ற போதை விருந்துகளில்தான் இவர்கள் வளர்ந்தார்கள். அங்கே வந்தவர்கள் இசை கேட்க மட்டும் வரவில்லை. குழுவுக்கு வாசிக்கத் தோன்றினால் வாசிக்கலாம், இல்லையென்றால் நிறுத்தலாம். அந்தச் சுதந்திரத்தின் ருசி கடைசிவரை போகவில்லை.

ஆனால் போதை வேறொன்றும் செய்தது. கார்சியா ஹெராயினுக்கு அடிமையானார். 1986-இல் நீரிழிவு மயக்கத்தில் விழுந்து சாவின் வாசலைத் தொட்டுத் திரும்பினார். கைவிரல்கள் மறுபடியும் கிதாரைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசி ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான முறை பாடிய வரிகளையே மேடையில் மறந்தார். 1995 ஆகஸ்ட் 9 அன்று, மறுவாழ்வு மையத்தில், 53 வயதில் இறந்தார். வரி மறந்ததைப் பற்றியும் ஜோக்குகள் உண்டு. அவற்றை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

பெரிய மேடைகளில் சொதப்புவார்கள் என்பது? (தஞ்சாவூர்)

அதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். 1967 மான்டெரி இசை விழாவில் கிதாரை உடைத்த ‘தி ஹூ’ குழுவுக்கும் கிதாரைக் கொளுத்திய ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். யாருக்கும் இவர்கள் ஞாபகம் இல்லை. 1969 வுட்ஸ்டாக் விழாவில் மேடை ஈரம், கிதாரைத் தொட்டால் ஷாக். அந்த நிலையிலும் ஒரு பாட்டை அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தார்கள். 1978 செப்டம்பரில் எகிப்துக்குப் போய் கிஸா பிரமிடுகளின் அடியில் மூன்று இரவு வாசித்தார்கள். கடைசி இரவு வானத்தில் சந்திர கிரகணம். மேடையில் முறிந்த மணிக்கட்டோடு ஒற்றைக் கையால் டிரம்ஸ் அடித்தார் க்ரூட்ஸ்மன். அந்தப் பயணத்தில் போட நினைத்த ஆல்பத்தை அப்போது போடாமலேயே விட்டுவிட்டார்கள்.

மிகச் சிறந்த இரவு என்று ரசிகர்கள் கொண்டாடுவது எதை? 1977 மே 8, ஞாயிற்றுக்கிழமை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் உள்விளையாட்டரங்கம். வெளியே மே மாதத்தில் பனி. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அந்தக் கச்சேரியைச் சேர்த்திருக்கிறது. அதை ஓயாமல் புகழ்வதையும் ரசிகர்கள் விட்டுவைக்கவில்லை. “அப்படி ஒரு கச்சேரி நடக்கவே இல்லை, அரசாங்கம்தான் எல்லோர் மூளையிலும் ஏற்றிவிட்டது” என்று ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த டெட் ஜோக் அதுதான்.

அவர்கள் ஆடிய ஆட்டத்திலேயே அதிகம் எது? (ஈரோடு)

1974. ‘வால் ஆஃப் சவுண்ட்’ என்ற ஸ்பீக்கர் மதில். சுமார் 600 ஸ்பீக்கர்கள், 75 டன். லெஷின் பேஸில் ஒவ்வொரு தந்தியின் ஒலியும் தனித்தனி ஸ்பீக்கர்களில் வரும் ஏற்பாடுகூட அதில் இருந்தது. சத்தத்தின் தெளிவு அபாரம். லாரியிலும் ஆள்கூலியிலும் பணம் கரைந்து, அந்த வருட இறுதியில் குழுவே கச்சேரிகளை நிறுத்த வேண்டி வந்தது. போதாக்குறைக்கு அந்தக் கோடையில் இடைவேளையில்கூட லெஷும் நெட் லாகின் என்ற இசைக் கலைஞரும் மின்னணு ஓசைகளை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். கழிவறைக்குப் போக வைத்த இடைவேளையிலும் ஸ்பேஸ்!

ஹிட் பாட்டே இல்லையா? (காரைக்குடி)

ஒன்று உண்டு. ‘டச் ஆஃப் க்ரே’, 1987, அமெரிக்கப் பட்டியலில் 9-ஆம் இடம். அதைக் கேட்டு வந்த புதியவர்களுக்குப் பழைய ரசிகர்கள் வைத்த பெயர் ‘டச்ஹெட்’.

மற்ற குழுக்கள் யோக்கியமா? நீட்டுவது எல்லாம் ஒன்றுதானே? (திருச்சி)

ஒன்றில்லை. இதில் எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. லெட் செப்பலின் குழுவின் ஜான் பானம் மாபெரும் டிரம்மர். ஆனாலும் ‘மோபி டிக்’கை அரை மணி நேரம் அவர் அடித்தபோது மற்ற மூவரும் மேடையை விட்டு இறங்கிவிடுவார்கள். கேட்டுத் திருப்பி வாசிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. எமர்சன் லேக் அண்ட் பாமரில் கீத் எமர்சன் 1974-இல் பியானோவோடு சேர்ந்து அந்தரத்தில் சுழன்றார். அது சர்க்கஸ். அதில் ஆபத்து இடுப்புக்குத்தான், இசைக்கு இல்லை. ‘யெஸ்’ குழு 1973-இல் நான்கே பாட்டுகளில் ஓர் இரட்டை ஆல்பத்தை நிரப்பி, அதையே மேடையிலும் வாசித்தது. மான்செஸ்டரில் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மேன் மேடையிலேயே கோழிக்கறி விந்தாலு சாப்பிட்டார் என்பது அவரே பலமுறை சொன்ன கதை. சில மாதங்களில் குழுவை விட்டும் போனார். வாசிப்பவருக்கே பசி எடுக்கும் இசைக்கும், அடுத்த நொடி என்ன வரும் என்று வாசிப்பவருக்கே தெரியாத இசைக்கும் நான் ஒரே பெயர் வைக்க மாட்டேன்.

டெட்டின் வாரிசு என்றால் வெர்மான்டின் ஃபிஷ் குழு. 1997-இல் வூஸ்டரில் ஒரே பாட்டை ஒரு மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக வாசித்தார்கள். அவர்களின் டிரம்மர் ஜான் ஃபிஷ்மன் வாக்யூம் கிளீனரை வாயில் வைத்து வாசிப்பார். ரசிகன் ஜோக் அடிப்பதற்குள் குழுவே முந்திக்கொள்கிறது.

காசு கொடுத்து வந்தவனுக்காக வாசிக்க வேண்டாமா? (சென்னை)

வந்தவர்களைக் கேளுங்கள். 1978 டிசம்பர் 31, சான் பிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கை மூடும் கடைசி இரவு. மாடியிலிருந்து ரசிகர்கள் ஒரு பதாகையைத் தொங்கவிட்டார்கள்: இந்த ஊரில் ‘டார்க் ஸ்டார்’ வாசித்து 1,535 நாள் ஆகிறது. நாள்காட்டியை வைத்து எண்ணிப் பார்த்தேன், கணக்கு சரி. முடிவே இல்லாத பாட்டு என்று கேலி செய்தவர்கள்தான் அது இல்லாத நாளை ஒன்றுவிடாமல் எண்ணியிருக்கிறார்கள். அந்த இரவு குழு ‘டார்க் ஸ்டார்’ வாசித்தது. கச்சேரி விடியும்வரை போய், வந்தவர்களுக்குக் காலை உணவும் போட்டார்கள்.

இன்னொன்று. கச்சேரியை ரசிகர்கள் டேப்பில் பதிவுசெய்வதைக் குழு தடுக்கவில்லை. 1984-இல் அதற்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கித் தந்தது. தன் மோசமான இரவும் ஊரெல்லாம் சுற்றும் என்று தெரிந்தே செய்தது. சொதப்பலை மறைக்கத் தெரியாத அந்தப் பெருந்தன்மைதான் அத்தனை ஜோக்குகளுக்கும் ஆதாரம் கொடுத்தது.

எனக்குப் பொறுமை குறைவு. எங்கே தொடங்கலாம்? (நாகர்கோவில்)

1970-இல் வந்த ‘அமெரிக்கன் பியூட்டி’. எல்லாம் சின்னப் பாட்டுகள், கட்டுக்கோப்பானவை. அது பிடித்தால் 1972 ஆகஸ்ட் 27, ஓரிகானின் வெனிட்டா. கீசியின் தம்பி நடத்திய பால்பண்ணைக்கு நிதி திரட்ட, கொளுத்தும் வெயிலில் வாசித்த கச்சேரி. ‘சன்ஷைன் டேட்ரீம்’ என்று படமாகவும் இருக்கிறது. அதில் மேடைக்குப் பின்னால் கம்பத்தின் உச்சியில் நிர்வாணமாக ஒருவர் ஆடிக்கொண்டிருப்பார், பயப்பட வேண்டாம். அன்றைய ‘டார்க் ஸ்டார்’ அரை மணி நேரம். நடுவில் அலுத்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், பாட்டு முடிந்திருக்காது.