தொட்டிக்கு என்ன ஊத்தினீங்க?

நேற்று யாரோ என் கலேடியம் தொட்டியில் டீத்தூளைக் கொட்டியிருக்கிறார்கள். வடிகட்டியில் இருந்ததை அப்படியே, பாலும் சர்க்கரையுமாக. காலையில் சிவப்பு இலை முழுக்கச் சிவப்பு எறும்பு. எது இலை, எது எறும்பு என்று தொட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் கூனிமேட்டில் நிழலுக்கு எந்தச் செடி வைக்கலாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். டொரன்டோ மச்சினி அனுப்பிய படம் செய்த வேலை. மரத்தடியில் ஹோஸ்டா, ஒவ்வொன்றும் தலைவாழை இலை மாதிரி. "உங்க வீட்லயும் நிழல் இருக்கே மாமா!" வேப்பமர நிழல் இருக்கிறதுதான். குளிருக்கு எங்கே போவது? ஜப்பான், கொரியா, சீனா பக்கத்துச் செடி அது. சுமார் 5 டிகிரிக்குக் கீழே சில வாரமாவது மண்ணுக்குள் தூங்கினால்தான் மறுவருஷம் ஒழுங்காகத் துளிர்க்கும். இங்கே 20 டிகிரிக்கே மங்கி குல்லாவைத் தேடுகிறோம்.

அதனால்தான் கலேடியம், அக்லோனிமா. அதற்கு உரம் சொல்ல ஊரே வந்தது. முட்டை ஓடு போடச் சொன்னார் கடைக்கார பாய்; காக்கா வந்து கிளறியது. அரிசி கழுவின தண்ணி என்றாள் மனைவி, கொசு வந்தது. மீன் கழுவின தண்ணிக்கு ஈடில்லை என்றார் குப்பத்து அக்கா; பூனை வந்தது. வெங்காயத்தோல் ஊறல் ஊற்றினேன். பூனை போய்விட்டது, வீட்டுக்கு வந்திருந்த சம்பந்தியும் போய்விட்டார். வாழைப்பழத் தோலுக்கு ஆடு வந்தது. தோலைத் தின்றுவிட்டு, மரியாதைக்கு அக்லோனிமாவையும் ஒரு கடி கடித்துத் துப்பியது. தலைக்கு மேல் வேப்பமரம் நிற்க, வேப்பம்புண்ணாக்கு வாங்கச் சொன்னவரும் உண்டு. ஐப்பசி மழையில் நத்தை வேறு. குளிர்நாடுகளில் ஹோஸ்டாவுக்கு எமன் நத்தைதான். எனக்கு ஹோஸ்டா இல்லாமலே எமன் வந்து சேர்ந்தான்.

இத்தனை பேரில் ஒருவராவது தண்ணீரைப் பற்றி வாய் திறந்தாரா? எங்கள் வீட்டு போர் தண்ணி உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, இலை நுனியெல்லாம் கருகல். மரக்காணத்தில் பாத்தி கட்டி எடுப்பதை நான் தொட்டியில் எடுக்கிறேன்.

எந்தச் செடி வைக்கலாம் என்று சொல்ல இடமில்லை. ஒன்று மட்டும் கேளுங்கள். நீல இலைப் படம் போட்டு ஆன்லைனில் ஹோஸ்டா விதை விற்றால் வாங்காதீர்கள். பெரும்பாலான ரகங்கள் விதையில் தாய்ச்செடி போல வராது. தூரைப் பிரித்து நட்டால்தான் வரும். அந்தக் காசுக்கு ஒரு டிரம் வாங்கி மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள்.